ஒத்தக்கடை தாண்டினால் இருமும் வண்டி

என் பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்குள் ஒரு குணம், ஊருக்கு வெளியே ஒரு குணம். காளவாசல் பக்கத்திலிருந்த என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் சமர்த்தாகப் போகும். சனிக்கிழமை திருவாதவூருக்குக் கிளம்பினால் யானைமலையடி வரை ஒழுங்காக வந்து, ஒத்தக்கடை தாண்டியதும் இரும ஆரம்பிக்கும். முதலில் ஒரே ஒரு இருமல். பிறகு இழுத்து இழுத்து ஓடும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வேகம் கூடாமல், பின்னால் யாரோ சட்டையைப் பிடித்துக்கொண்ட மாதிரி தயங்கும். கார்புரேட்டர் ஒரு தும்மல் போடும். அப்புறம் நின்றுவிடும்.

இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். இருக்கும். மூடியை மாட்டி நாலு உதை உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஏழெட்டு மைல் போனதும் மறுபடி இருமும்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஒரு மிஷன் பள்ளியில் பௌதிக ஆசிரியர். திருவாதவூரில் என் மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். வாராவாரம் அவருக்கு மருந்தும் தைலமும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. அதனால் அந்த வண்டி எனக்கு ஆடம்பரம் இல்லை. வயல்வெளி நடுவே உச்சி வெயிலில் அது நின்றுபோனால் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது. கோபக்காரன் என்று எனக்குப் பள்ளியிலேயே பெயர். அதை ஒரு தகுதி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் காளவாசலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த மெக்கானிக். இஸ்லாமியர். எல்லோருக்கும் அவர் பாய்தான், எனக்கும். என் வயது இருக்கும், ஒன்றிரண்டு கூடவே இருக்கலாம். கடை அவருடையது இல்லை, முதலாளி வேறொருவர். ஆனால் கடைக்கு வண்டி வந்ததெல்லாம் பாயை நம்பித்தான். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, "சார், பாயிண்ட் தேஞ்சிருக்கு போல" என்பார். தேய்ந்திருக்கும்.

ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டியை சர்வீஸுக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாமி முன்னால் அழுக்கு வண்டியை நிறுத்த மனசு வராது. அந்த வருஷமும் விட்டேன். பாய் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார். பெட்ரோலை அளந்து விடுகிற சின்னப் பித்தளைத் திருகுதான் ஜெட். நடுவில் ஊசித் துளை இருக்கும். "ஓட்டை சுத்தமா இருக்கு சார். இன்னும் ரொம்ப காலத்துக்கு இதுக்குச் சாவு கிடையாது" என்றார். வண்டி வழுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

பூஜையன்று சந்தனம் குழைத்தவன் நான். கொஞ்சம் கெட்டியாகவே குழைத்துவிட்டேன். ஹெட்லைட், ஹாண்டில்பார், டேங்க் என்று எல்லா இடத்திலும் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். மிச்சம் ஒரு உருண்டை கையில் இருந்தது. டேங்க் மூடி வட்டமாக, நெற்றி மாதிரி வாகாகத் தெரிந்தது. அத்தனையையும் அதன்மேல் அப்பினேன். "அம்புட்டையுமா வைப்பீங்க?" என்றாள் என் மனைவி. "சாமிக்கு வைக்கிறதுல என்ன கஞ்சத்தனம்" என்றேன். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினேன். சந்தனம் காய்ந்து கல்லாக இறுகியது. அது தானாக உதிரும் வரை துடைக்கக் கூடாது என்பது என் கொள்கை. வேறு விஷயங்களில் எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமைதான் வண்டி முதன்முதலாக இருமியது. திங்கட்கிழமை பாயிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். "வெள்ளையா இருக்கு சார். பெட்ரோல் பத்தல இஞ்சினுக்கு" என்றார். டேங்கைப் பார்க்க மூடியில் கை வைக்கப் போனவர், சந்தனத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சார், இதைக் கொஞ்சம் துடைச்சுக்கிறட்டுமா? தூளு உள்ள விழும்."

"வேண்டாம் பாய். அது சாமிக்கு வச்சது. நீங்க அதுல கை வைக்க வேண்டாம்" என்றேன்.

சாதாரணமாகத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சாதாரணமாகச் சொல்லவில்லை. 'நீங்க' என்ற சொல்லில் ஒரு அழுத்தம் இருந்தது. அவர் கையை எடுத்து, இடுப்பில் செருகியிருந்த துணியில் துடைத்துக்கொண்டார். அந்தக் கையில் அப்போது அழுக்குகூட இல்லை. "சரிங்க சார். மூடிய நீங்களே திறந்து விட்ருங்க" என்றார்.

அன்றிலிருந்து அது ஒரு நடைமுறையாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மூடியை நான் திறப்பேன். அவர் டியூபைப் பிடுங்கிப் பார்ப்பார். பெட்ரோல் தாராளமாகக் கொட்டும். கார்புரேட்டரைப் பிரிப்பார், மிதவையைக் குலுக்கிப் பார்ப்பார், பெட்ரோல் டாப்பின் சல்லடையைத் தட்டிப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். மூடியை நான் மாட்டுவேன். அவர் விராட்டிபத்து வரை ஓட்டிவிட்டு வந்து, "எனக்கு நல்லாத்தான ஓடுது சார்" என்பார். சனிக்கிழமை ஒத்தக்கடை தாண்டியதும் எனக்கு இருமும்.

மூன்று வாரம் இப்படிப் போனது. நானும் சும்மா இருக்கவில்லை. பௌதிக வாத்தியார் இல்லையா, கொஞ்சம் நின்றதும் மறுபடி கிளம்புகிறது என்றால், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் சூடாகிறது என்று ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தேன். பாய் எனக்காகக் காயிலை மாற்றிப் போட்டும் பார்த்தார். இருமல் நிற்கவில்லை. "எதையோ நம்ம பாக்க விட்டுட்டோம் சார்" என்று தலையைச் சொறிந்தார்.

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் புலம்பியபோது கணக்கு வாத்தியார் காப்பியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "சர்வீஸுக்கு முன்னாடி நல்லா ஓடுச்சா?" ஓடியது என்றேன். "கார்புரேட்டரப் பிரிச்சானா?" பிரித்தார் என்றேன். "அப்புறம் என்ன? ஒரிஜினல் ஜெட்ட உருவிட்டு டூப்ளிகேட்ட மாட்டியிருப்பான். இவங்கள நம்பலாமாய்யா?" என்றார். 'இவங்கள' என்பதில் மெக்கானிக்குகள் மட்டும் அடங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, அது எனக்கு ரொம்பச் சரியாகவும் பட்டது. முன்னே நன்றாக இருந்தது, கை பட்டது, கெட்டது. என் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற தர்க்கம் அதுதான். கை பட்டதற்கும் கெட்டதற்கும் நடுவில் ஒரு பூஜை நடந்தது என்பது என் கணக்கிலேயே வரவில்லை.

அந்த வார சனிக்கிழமை வண்டி என்னை மூன்று இடத்தில் நிறுத்தியது. மாமனாருக்கு மருந்து கொடுக்க வேண்டிய நேரம் தவறிப்போனது. திரும்பி நேராகக் காளவாசலுக்குத்தான் வந்தேன். கடையில் நாலைந்து பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்து டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள்.

"என் ஜெட்டை என்ன பண்ணின?" என்றேன்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். அதுநாள் வரை நான் அவரை நீ என்று சொன்னதில்லை. "சார்?" என்றார்.

"ஒரிஜினலக் கழட்டி எந்த வண்டிக்கு மாட்டின? சொல்லு."

அவர் சத்தம் போடவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, சூடு ஆறாத இஞ்சினில் விரலைச் சுட்டுக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றினார். ஜெட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இது உங்க வண்டி ஜெட்டுதான் சார். மேல நம்பர் இருக்கு, பாருங்க."

"அந்த நம்பர் எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாததே அவருக்கு எதிரான சாட்சி என்கிற மாதிரிக் கேட்டேன்.

முதலாளி எழுந்து வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, வியாபாரி. பெஞ்சில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார் சயின்ஸ் வாத்தியாரு. விவரம் தெரியாமப் பேச மாட்டாரு" என்றார். பிறகு பாயிடம் திரும்பி, "கடைக்குப் பேரு கெட்டுப்போகும்யா. நாளையிலருந்து வர வேணாம்" என்றார்.

இத்தனை தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் முதலாளி கேட்டிருப்பார். நான் சொல்லவில்லை. பாய் என் கார்புரேட்டரைத் திரும்ப மாட்டி, திருகெல்லாம் முடுக்கினார். சொந்தமாக வைத்திருந்த ஸ்பானர்களை ஒரு காக்கித் துணியில் சுருட்டிக் கட்டினார். என்னைத் தாண்டும்போது, "வாரேன் சார்" என்றார். எந்நாளும் சொல்வது போலவே சொன்னார்.

கடைக்குப் புதிதாக வந்த ஆள் என் வண்டிக்குப் புது ஜெட் போட்டான். சனிக்கிழமை ஒத்தக்கடை தாண்டியதும் இருமியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'அந்த ஆளு வேற எதையோ சேர்த்துக் கெடுத்திருக்கான்' என்றுதான் நினைத்தேன். ஒருவரைத் திருடன் என்று முடிவுகட்டிவிட்டால் அதைக் காப்பாற்ற மனசு என்னென்ன வேலை செய்கிறது.

அதற்கடுத்த சனிக்கிழமை. திருவாதவூருக்கு இன்னும் மூன்று மைல் இருக்கும். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். வண்டி இருமி, இழுத்து, நின்றது. வழக்கம்போல் இறங்கி மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காற்று உள்ளே போகிற சத்தம்.

அது புதிய சத்தம் இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாரம் வியாழக்கிழமைதான் ஒன்பதாம் வகுப்பில் காற்றழுத்தம் நடத்தினேன். மண்ணெண்ணெய் டின்னில் ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் ஏன் விட்டுவிட்டுக் குபுக் குபுக்கென்று வருகிறது, எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டதும் ஏன் சீராக ஊற்றுகிறது என்று செய்தே காட்டினேன். ஒரு பையனை எழுப்பிக் கேட்டு, அவன் முழித்தபோது, "பலசரக்குக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையே" என்று வகுப்பு சிரிக்கச் சிரிக்கத் திட்டினேன்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் நடுவில் ஒரு குட்டித் துளை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வருவதற்கான வழி அது. மேல்பக்கம் திருப்பினேன். துளை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம். நான் வைத்த சந்தனம். காற்று வர வழியில்லாமல் டேங்க் பெட்ரோலை விட மறுத்திருக்கிறது. நான் மூடியைத் திறக்கும்போதெல்லாம் காற்று வாங்கிக்கொண்டு அடுத்த ஏழெட்டு மைலுக்குத் தயாராகியிருக்கிறது.

வரப்போரத்துக் கருவேல மரத்தில் ஒரு முள்ளை ஒடித்துக் குத்தினேன். மஞ்சள் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. மூடியை மாட்டி உதைத்தேன். திருவாதவூர் வரை ஒரு இருமல் இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் 'சார், இதைக் கொஞ்சம் துடைச்சுக்கிறட்டுமா' என்று அவர் கேட்டது வண்டிச் சத்தத்துக்கு மேலே காதில் விழுந்துகொண்டே வந்தது. அன்றைக்கு அவர் கை அந்த மூடியில் பட்டிருந்தால் எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். படக் கூடாது என்று தடுத்தவன் நான். மூடியை ஒவ்வொரு தடவையும் நானே திறந்து, கோளாறை அவர் கண்ணிலிருந்து நானே மறைத்து வைத்துவிட்டு, கண்டுபிடிக்கவில்லை என்று அவரைத் திருடனாக்கினேன். மாமனார் வாய் கோணலாக ஏதோ விசாரித்தார். வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பது நாள் ஒன்றும் செய்யாமல் கிடந்தேன். கடை வாசலைத் தவிர்க்கச் சுற்றுவழியில் பள்ளிக்குப் போனேன். பத்தாவது நாள் டீக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பாய் பரவையில் அவர் மச்சானின் காய்கறிக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "எந்த ஒர்க்‌ஷாப்புலயும் எடுக்க மாட்டேங்கிறாங்க. பார்ட்ஸ் திருடுவான்னு பேரு ஆயிருச்சுல்ல" என்றார். அந்தப் பேரை யார் வைத்தது என்று அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் டீ ஆற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரவை போனேன். சந்தையில் வெங்காய மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் இறக்கி வைத்துவிட்டு, "வாங்க சார்" என்றார். ஒரு ஓரமாக, லாரி மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திட்டியது ஊர் முன்னால். மன்னிப்புக் கேட்க மறைவு தேடினேன்.

"பாய், கோளாறு மூடியில இருந்திருக்கு. ஓட்டையில சந்தனம் அடைச்சிருந்துச்சு. தப்பு என் மேலதான்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "மூடியா..." என்றார். "எனக்கும் ஒரு தடவ தோணுச்சு சார். மூடியக் கையில வாங்கிப் பாத்துருவமான்னு. நீங்க சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"முதலாளிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. என் நெஞ்சுக் கனத்தை இறக்கி வைக்கத்தான் வந்திருந்தேன். அவர் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. "இப்பப் போற வழியில சொல்லிர்றேன்" என்றேன்.

"சொல்லிருங்க சார். பெஞ்சுல ஆளுக இருக்கும்போது சொல்லிருங்க. எனக்கு அம்புட்டுப் போதும்" என்றார். மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "அப்ப நாளைக்கு நான் போய்ப் பாக்குறேன்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது.

காளவாசல் கடை ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் திறந்திருக்கும். போய் வண்டியை நிறுத்தினேன். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். முதலாளி, "என்ன சார், வண்டி சத்தம் சுத்தமா இருக்கு?" என்றார்.

"மூடியில காத்து ஓட்டை அடைச்சிருந்துச்சு. அதான் கோளாறு" என்றேன்.

"யாரு பாத்தா?"

"நான்தான்."

முதலாளி தொடையில் தட்டினார். "கேட்டீங்களாய்யா? ரெண்டு மெக்கானிக்கு கண்டுபிடிக்க முடியாதத வாத்தியார் கண்டுபிடிச்சிருக்காரு. படிச்ச படிப்பு சும்மாவா போகும்" என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். யாரோ எழுந்து எனக்கு இடம் விட்டார்கள். டீ வந்தது. காற்றழுத்தம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். டின்னில் இரண்டு துளை போடுகிற கதையை நான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அடுத்த வாக்கியம் 'பாய் ஜெட்டைத் திருடவில்லை' என்பது. அதைச் சொல்லாமல் டீயைக் குடித்து முடித்தேன். வண்டியை எடுத்தேன். நாளைக்கு முதலாளியைத் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

நாளைக்குப் போகவில்லை. வியாழக்கிழமை அந்த வழியாகப் போனபோது முதலாளியே கை தட்டிக் கூப்பிட்டார். "சார், அந்த ஆளு திங்கக்கிழமை வந்து நின்னான். சலவைச் சட்டை, கையில ஸ்பானர் மூட்டை. 'வாத்தியார் சார் சொல்லியிருப்பாரே மொதலாளி'ங்கிறான். 'வந்தாரு, மூடி அடைச்சிருந்துச்சுன்னாரு. உன்னப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லலையே'ன்னேன். பெஞ்சுல உள்ளவங்களக் கேட்டான். அவங்களும் அதத்தான் சொன்னாங்க. நீங்க ஏதும் சொல்லிவிட்டீங்களா சார்?"

அங்கேயே நின்று சொன்னேன். அவர் எதையும் எடுக்கவில்லை, நான்தான் அநியாயமாகப் பழி போட்டேன் என்று, பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். முதலாளி, "இத ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

அன்றைக்கே பரவைக்கு வண்டியை விரட்டினேன். வண்டி ஒரு இடத்திலும் இருமவில்லை. பாய் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டதாக அவர் மச்சான் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டுத் தராசைக் கவனிக்கப் போய்விட்டார்.

கடையில் அன்று நான் எல்லாவற்றையும் சொல்லிவிடவும் இல்லை. அவர் திருடவில்லை என்று சொன்னேன். துடைக்கட்டுமா என்று அவர் கேட்டதையும், கை வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதையும் சொல்லவில்லை. என் மனைவிக்குக்கூட அது தெரியாது. முதன்முதலாக இங்கேதான் எழுதுகிறேன். அதையும் அவர் பேரைப் போடாமல், என் பேரையும் போடாமல்தான் எழுதுகிறேன்.